முரசுமோட்டையில் இருக்கிற என் மச்சானுக்கு

மச்சான்,

பட்டமளிப்புப் படங்களை நீ பார்த்திருப்பாய். நான் போன் எடுத்தது அதைச் சொல்ல இல்லை. ஒரு முடிவு எடுத்திருக்கிறேன், அதில் உனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நீ போனை எடுக்கிறாய் இல்லை என்பதால்தான் எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். நாங்கள் படித்த இடத்தின் பெயரை எழுதமாட்டேன். இதை வாசிக்கிறவர்களில் அங்கே படிப்பிக்கிறவர்களும் இருப்பார்கள், எனக்கு நன்மை செய்தவர்களும் அவர்களில் உண்டு.

முடிவு இதுதான். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு கம்பஸ் அனுமதிக்காகக் காத்திருக்கிற பெடியளுக்கு எங்கள் சனசமூக நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு வைக்கப்போகிறேன். காசு வாங்கப்போவதில்லை. முதலாம் வருடத்தில் எங்களை ஆட்டிப்படைத்த மூன்று பாடங்கள்: நுண்கணிதம், சி புரோகிராமிங், மற்றது அந்தத் தொழில்சார் தொடர்பாடல். வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது, அறிவியல்நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது. படிக்கிற இடம் வன்னிக்குள்ளேயே வந்திருக்கிறது. ஆனாலும் தமிழில் இணைந்த கணிதம் படித்துவிட்டுப் போகிற பிள்ளை ஆங்கிலத்தில் நடக்கிற முதல் செமஸ்டரில் வாயடைத்துப் போய் நிற்பது மாறவில்லை. காத்திருக்கிற அந்த மாதங்களை ஏன் வீணாக்க வேண்டும்?

முதல் வகுப்புக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தால், எங்கே தொடங்கினாலும் அந்த லாப்பில்தான் வந்து நிற்கிறது. எக்ஸ் வர்க்கத்தின் பெறுதியை, அதாவது அது மாறுகிற வேகத்தை, 3 இல் கணித்துக் காட்டு என்ற அசைன்மென்ட். ஏ.எல். பிள்ளைக்கே விடை தெரியும், 6. அதைக் கொம்பியூட்டரைக் கொண்டு செய்விக்கவேண்டும். எச் என்றொரு சின்ன எண்ணை எடுத்து, 3 + எச் இல் உள்ள பெறுமானத்திலிருந்து 3 இல் உள்ளதைக் கழித்து, எச்சால் வகு. நீ எச்சுக்கு 1/1000 என்று எழுதினாய். திரையில் விழுந்தது எண் இல்லை, 'நேன்' (NaN), 'இது எண்ணே அல்ல' என்று கொம்பியூட்டர் சொல்லுகிற சொல். வரி வரியாகப் பார்த்தோம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சி மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் தசமம் வெட்டுப்பட்டுப் போகும், 1/1000 என்றால் 0 தான், நாங்கள் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்திருக்கிறோம் என்று கண்டுபிடித்தது நீ. 1.0/1000 என்று மாற்றினாய், 6.001000 வந்தது.

நாங்கள் எழும்பப் பார்த்தோம். நீ எழும்பவில்லை. எச்சை இன்னும் சின்னதாக்கினால் என்ன வரும் என்று பார்க்கவேண்டும் என்றாய். ஒரு கட்டம்வரை விடை 6 ஐ ஒட்டிக்கொண்டே போனது. தசமப் புள்ளிக்குப் பிறகு 16 பூச்சியமும் ஒரு 1 உம் போட்டபோது விடை 0 ஆகிவிட்டது. சி மொழியில் தசம எண்களை வைக்கிற டபிள் வகை ஏறக்குறைய 16 இலக்கங்களைத்தான் பிடித்து வைத்திருக்கும், அதற்குக் கீழே எதைக் கூட்டினாலும் 3 அப்படியே 3 தான். அப்போதுதான் ஒட்டுசுட்டான் பெடியன் கேட்டான், அப்படியென்றால் எச் பூச்சியமாகவும் கூடாது, பூச்சியத்துக்குக் கிட்டவும் போகவேண்டும், இது என்ன விளையாட்டு என்று.

நீ சொன்ன பதில் எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. "2018 டிசம்பரில இரணைமடுக் குளத்தில வான் கதவு திறந்த நேரம் எல்லாரும் என்ன கேட்டவை? எத்தனை அடி எண்டோ, இல்லை எவ்வளவு வேகமா ஏறுது எண்டோ? வேகம் வேணுமெண்டா அளவுகோலை ரெண்டு தரம் பாக்கவேணும். ஒரே நேரத்தில ரெண்டு தரம் பாத்தா ஏறினதும் பூச்சியம், போன நேரமும் பூச்சியம். அதுதான் நேன். அப்ப கொஞ்சம் பொறுத்துப் பாக்கவேணும். எவ்வளவு கொஞ்சம் எண்டுறதுதான் எல்லை." அந்த ஒரு செமஸ்டர் முழுக்க விரிவுரையில் எனக்கு விளங்காதது அந்த இடத்தில் விளங்கியது.

அதையே தொடர்பாடல் பாடத்தின் பிரசென்டேசனுக்கு எடுப்போம் என்றவன் நான். நடுப்பகுதி உன்னுடையது, ஏனென்றால் கண்டுபிடித்தவன் நீ. நீ முன்னுக்குப் போய் நின்றாய். ஆங்கிலத்தில் முதல் வசனத்தில் பாதி வந்தது. பிறகு வரவில்லை. விரிவுரையாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். உன் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டு அடி முன்னுக்கு வந்து உன் பகுதியை நானே சொல்லத் தொடங்கினேன். உன் நேன், உன் 16 பூச்சியம், உன் குளம், எல்லாம் என் வாயிலிருந்து போனது. முடிவில் அந்த உதாரணம் நல்லாயிருக்கிறது என்று அவர் சொன்னார். நான் நன்றி சொன்னேன். நீ எனக்கு ஒரு முழத்துக்கு அப்பால் நின்றாய்.

அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அந்த இடத்தில் நான் வேறென்ன செய்திருப்பேன் என்று நீயே சொல். குழுவில் நாலு பேருக்கும் ஒரே புள்ளி. மற்ற இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். முதல் நாள் இரவு ஒத்திகைக்கு வா வா என்று கூப்பிட்டேன், தலையிடி என்று படுத்துவிட்டாய். ஒரே ஒரு தரம் என்னோடு நின்று சொல்லிப் பார்த்திருந்தால் அந்தப் பகுதியை எவராலும் உன்னிடமிருந்து எடுத்திருக்க முடியாது. இப்படி எழுதும்போது உன்னிலேயே பழியைப் போடுகிறேன் போல இருக்கிறது. போடுகிறேன்தான். அடுத்த கிழமை உன் கட்டில் வெறுமையாகக் கிடந்தது. ஒரு சொல் சொல்லாமல் படிப்பை விட்டுப் போனாய். என்னைப் பிடித்து ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

எல்லாருக்கும் நீ சொன்ன காரணம் வயல். அது பொய் இல்லை. 2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தார்கள், அந்தக் காலபோகத்தில் வன்னி வயல்கள் என்ன ஆனது என்று எனக்கும் தெரியும், அடுத்த வருடம் டீசல் வரிசையும் தெரியும். உன் வீட்டில் அப்போது இருந்த மற்ற விசயத்தை இங்கே எழுதமாட்டேன். ஆனால் வயல் மட்டும்தான் காரணம் என்றால், நீ என் போனை எடுத்திருப்பாய்.

இன்னொன்று. தனக்கு மண்டை காணாது என்று நீ சொல்லித் திரிந்ததாகக் கேள்விப்பட்டேன். அதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. லைப்னிற்ஸ் என்ற கணித மேதை பெறுதி காணுகிற வகையீட்டு விதிகளை அச்சில் போட்டது 1684 இல். பூச்சியமாகாமல் பூச்சியத்தை நெருங்குவது என்றால் என்ன என்பதற்கு கோஷி எல்லையை வைத்து அடித்தளம் போட்டது 1821 இல். அதற்குப் பிறகு வயர்ஸ்ட்ராஸ் வந்துதான் எப்சைலன், டெல்டா என்று நாங்கள் படிக்கிற வடிவத்துக்கு அது வந்தது. உலகத்தின் கெட்டிக்காரர்கள் நூறு வருடத்துக்கு மேல் தடக்குப்பட்ட இடத்தைப் பதினைந்து கிழமையில் விளங்கவில்லை என்று ஒருவன் தன்னையே மட்டம் தட்டுவதா? 2009 இல் நானும் நீயும் எந்தத் தறப்பாளுக்குக் கீழே இருந்து படித்தோம் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதற்குள் எந்த ஆங்கில ரீச்சர் வந்து எங்களைப் பேசப் பழக்கினார்?

தொடர்பாடல் பாடம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். வேலைக்குப் போனபிறகு எனக்கு அதிகம் உதவுவது அதுதான். ஈமெயிலின் முதல் வரியிலேயே என்ன வேண்டும் என்று எழுது, கேட்கிறவனுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று யோசித்துவிட்டு வாயைத் திற, தெரியாத சொல் வந்தால் தெரிந்த பொருளில் கட்டிக் காட்டு. இவ்வளவும் நீ அன்றைக்கு லாப்பில் ஒட்டுசுட்டான் பெடியனுக்குச் செய்தாய், புள்ளி போட அங்கே ஒருவரும் இருக்கவில்லை. வகுப்பில் அளந்தது ஆங்கிலம் எவ்வளவு சரளமாக வருகிறது என்பதைத்தான். என் வகுப்பில் பிள்ளைகள் முதலில் தமிழில் விளக்குவார்கள். கேட்கிறவனுக்கு விளங்கினபிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லுவார்கள், தடக்கினால் தடக்கட்டும், பக்கத்தில் நிற்கிறவன் ஒரு சொல் எடுத்துக் கொடுக்கலாம், முழுப்பகுதியையும் எடுக்கக்கூடாது.

அந்தப் புரோகிராம் உன் பென் டிரைவில்தான் இருக்கிறது. 1/1000 என்று இருந்த முதல் பிரதியை அனுப்பு, திருத்தினது வேண்டாம். பிள்ளைகள் நேனைத் தங்கள் கண்ணால் பார்க்கவேண்டும். காலபோக அறுவடை முடிந்து நெல்லை ஏற்றினபிறகு ஒரு ஞாயிறு வா. எச்சைப் பற்றி நீ தமிழில் சொல், நான் பின்வாங்கில் இருக்கிறேன். வர மனம் இல்லையென்றால் குளத்து உதாரணத்தைச் சொல்ல எனக்கு அனுமதி தா. இந்தத் தரம் யாருடையது என்று சொல்லித்தான் சொல்வேன். உன் பெயர் வேண்டாம் என்றால் அதையும் சொல்லிவிடு. பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுக்கமாட்டேன், அந்தப் பாடத்துக்கு வேறு உதாரணம் தேடுவேன். முதல் வகுப்பு தைப்பொங்கல் கழிந்து வருகிற ஞாயிறு, காலை ஒன்பது மணிக்கு.