தம்பி ரிப்போர்ட் பார்த்தேன்

சுமதி,

நல்லா இருக்கியாடி? தம்பி ரிப்போர்ட் போட்டோவெல்லாம் வந்துச்சு, நிதானமா உக்காந்து பார்த்தேன். அவனுக்கும் எம்.எஸ்.னு, அதான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நம்ம எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்பைத் தாக்குற நோய்னு எழுதியிருக்கு. எனக்கு இதே நோய்னு சொன்னப்போ யார்கிட்ட கேக்குறதுன்னே தெரியல, உனக்காவது நான் இருக்கேன், அதனால இந்த லெட்டரை அவனையும் படிக்கச் சொல்லு.

மொதல்ல ஒண்ணு கேக்கணும், ரத்தத்துல அக்வாபோரின்-4 ஆன்டிபாடியும் மாக் (MOG) ஆன்டிபாடியும் பார்த்தாங்களா? நீ அனுப்பினதுல எங்க தேடியும் காணோம். நம்ம நாட்டுல என்.எம்.ஓ.னு (நியூரோமையலைட்டிஸ் ஆப்டிகா) ஒரு நோய் இருக்கு, அதைப் பிரிச்சுப் பார்க்கத்தான் இந்த டெஸ்ட், அதுவும் இதே மாதிரி கண் நரம்பையும் தண்டுவடத்தையும்தான் பிடிக்கும், ஆனா எம்.எஸ்.க்கு குடுக்குற இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட் எல்லாம் அதுக்குப் போட்டா நோய் இன்னும் மோசமாயிரும். டாக்டர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார், தைரியமா கேளுங்க.

அது இல்லைன்னு தெரிஞ்சிருச்சுன்னா மருந்து ஆரம்பிக்கிறதை தள்ளிப்போடாதீங்க. "கண்ணுதான் தெளிஞ்சிருச்சே, இப்ப நல்லாத்தானே இருக்கான்"னு அம்மா சொல்றதா எழுதியிருந்தே பாரு, அந்த பேச்சுலதான் பல பேருக்கு வருஷக்கணக்குல போயிருது. அவனுக்கு ஏத்தின ஸ்டீராய்டு டிரிப் வந்த அட்டாக்கை சீக்கிரம் அடக்கும், அடுத்த அட்டாக்கை தடுக்காது. ஆள் நல்லா நடமாடிட்டு இருக்கும்போதே எம்.ஆர்.ஐ.ல புதுப் புள்ளி விழுந்திருக்கும். தடுக்குற மருந்து வேற, அது நல்லா இருக்கிற காலத்துல போட்டாத்தான் பிரயோஜனம், கால் இழுக்க ஆரம்பிச்ச பிறகு போட்டா போனது போனதுதான்.

செலவுதான் பயம்னு தெரியும். 2017ல அமெரிக்காவுல அனுமதி வாங்கின ஆக்ரெலிசுமாப் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, நல்ல மருந்து, விலையைக் கேட்டா நமக்கு தலை சுத்தும். அதே வழியில வேலை செய்ற ரிடுக்சிமாப் இருக்கு, புற்றுநோய்க்குன்னு வந்ததுதான், 2007லேர்ந்து நம்ம நாட்டு கம்பெனியே தயாரிக்குது, விலையும் ரொம்பக் குறைவு. 2023ல உலக சுகாதார நிறுவனமே எம்.எஸ்.க்கான அத்தியாவசிய மருந்து லிஸ்ட்ல கிளாட்ரிபின், கிளாட்டிரமர் கூட இதையும் சேர்த்துட்டாங்க, அதனால டாக்டர் இதை எழுதினா "கேன்சர் மருந்தா"ன்னு அலறாதீங்க. ஆனா ஏத்துறதுக்கு முன்னாடி ஹெபடைடிஸ் பி, டிபி டெஸ்ட் பார்த்தாகணும், போட வேண்டிய தடுப்பூசியையும் முன்கூட்டியே போட்டுரணும்.

வெயில் பத்தி அவன்கிட்ட இப்பவே சொல்லி வை. சித்திரை வந்தா எனக்கு பார்வை மங்கும், கால் துணி மாதிரி தொய்ஞ்சிரும், ஃபேனுக்கு கீழ ஈரத்துண்டு போட்டு உக்காந்தா திரும்ப சரியாயிரும். 1890லயே உட்டாஃப்னு ஒரு ஜெர்மன் கண் டாக்டர் இதை எழுதி வச்சுட்டாராம். எம்.ஆர்.ஐ. வர்றதுக்கு முன்னாடி நோயைக் கண்டுபிடிக்கவே ஆளை சுடுதண்ணித் தொட்டியில உக்கார வச்சு பார்த்திருக்காங்க, என்ன கொடுமை பாரு. சூட்டுல வர்றது அட்டாக் இல்ல, நரம்புக்கு புது சேதமும் இல்ல. காய்ச்சல் இல்லாம, யூரின் இன்ஃபெக்ஷன் இல்லாம, புதுசா ஏதோ ஒண்ணு 24 மணி நேரத்துக்கு மேல நின்னா அப்பத்தான் டாக்டருக்கு போன் போடணும்.

மாற்றுத்திறனாளி சர்ட்டிஃபிகேட் கதைக்கு வர்றேன். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்கிற 21 வகையில எம்.எஸ்.ஸும் ஒண்ணு, பாதிப்பு 40 சதவீதம் இருந்தாத்தான் சலுகையெல்லாம். இப்ப அவனுக்கு அவ்வளவு வராது, வரவும் வேணாம், ஆனா ஃபைலை மட்டும் இப்பவே சேர்க்கணும், ஏன்னா மெடிக்கல் போர்டுக்கு போற அன்னிக்கு நாம நல்லா நடந்து போவோம், எதிர்ல இருக்கிறவர் மேலயும் கீழயும் பார்ப்பார். அப்ப பேச வேண்டியது டிஸ்சார்ஜ் சம்மரியும், எம்.ஆர்.ஐ. சிடியும், நியூராலஜிஸ்ட் கைப்பட எழுதின குறிப்பும்தான். அந்த சர்ட்டிஃபிகேட் இருந்தா பழைய முறையில வருமான வரி கட்டுறவங்களுக்கு 75,000 ரூபாய் கழிவு உண்டு, 80 சதவீதமோ அதுக்கு மேலயோன்னா 1,25,000. தமிழ்நாடு அரசாங்கம் மாசம் 2,000 பராமரிப்புத் தொகையும் குடுக்குது, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல தண்டுவட மரப்பு நோய்னு (எம்.எஸ்.ஸோட தமிழ்ப் பேர்) கேட்டா ஃபார்ம் தருவாங்க.

எம்.எஸ். சொசைட்டி ஆஃப் இந்தியான்னு 1985லேர்ந்து இருக்காங்க, சென்னையிலயும் கிளை இருக்கு. மத்த நோயாளிங்ககிட்ட பேசக் கிடைச்சதுதான் எனக்கு பாதி மருந்து. டாக்டர் பத்து நிமிஷத்துல சொல்ல முடியாத விஷயம், பாத்ரூம் அவசரம், தீராத அசதி, மாமியார்கிட்ட எப்படி சொல்றது, எல்லாம் அங்கதான் பேச முடிஞ்சுது.

"என்ன பாவம் பண்ணோம்"னு அம்மா அழறாங்களாமே. 2022ல ஹார்வர்டுக்காரங்க ஒரு கோடி அமெரிக்க ராணுவத்தினரை வச்சு நடத்தின ஆய்வுல, எப்ஸ்டீன் பார் வைரஸ் தொத்தின பிறகு இது வர்ற வாய்ப்பு 32 மடங்கு ஆகுதுன்னு தெரிஞ்சிருக்கு. அந்த வைரஸ் அனேகமா எல்லார் உடம்புலயும் இருக்கு, உன் உடம்புலயும் இருக்கும், அதுல சில பேருக்கு மட்டும்தான் நோய் வருது. பாவ புண்ணியத்துக்கு இதுல வேலையே இல்லன்னு அம்மாகிட்ட சொல்லு. நரம்புத் தளர்ச்சிக்கு லேகியம், ஸ்டெம் செல் போட்டா ஒரே மாசத்துல குணம்னு யாராவது வந்தா வாசல்லயே அனுப்பிரு, சொந்தக்காரங்களா இருந்தா காபி குடுத்து அனுப்பு.

நான் நல்லா இருக்கேன். சின்னவ பிளஸ் டூ, வீடே போர்க்களம். வண்டிக்கு சைடு வீல் மாட்டியாச்சு, தெருவே பார்க்குது, பார்த்துட்டுப் போகட்டும்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூப்பிடுறேன், தம்பி பக்கத்துல இருக்கணும், அந்த ஆன்டிபாடி ரிப்போர்ட்டை கையில வச்சுக்க சொல்லு.

உன்,
மீனா