960 கிராம் பிள்ளையின் அப்பா எழுதுவது

தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருப்பவர்களுக்கும், அந்த வராந்தாவில் எங்களோடு கிடந்தவர்களுக்கும், ஊரில் என் வேலையைத் தன் வேலையாகப் பார்த்தவர்களுக்கும் வணக்கம்.

பாபநாசம் பக்கத்து விவசாயி நான். உங்கள் பதிவேட்டில் என் பிள்ளைக்கே பெயர் கிடையாது. 'பேபி ஆஃப்' என்று போட்டு என் மனைவியின் பெயர் இருக்கும். கதவு திறந்து அந்தப் பெயர் கேட்டால் நான் எழுந்து ஓடுவேன். 61 நாள் அதுதான் எனக்கும் பெயர். உங்களில் பாதிப் பேருடைய பெயர் எனக்கும் தெரியாது. முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்ணும், கையும்தான் அடையாளம். அதனால் பெயரை விட்டுவிட்டு, யார் என்ன செய்தீர்கள் என்று சொல்லியே நன்றி சொல்கிறேன்.

முதலில் எங்கள் ஊர் கிராம செவிலியர் அக்கா. 28 வாரம் அப்போது. மாசமாக இருந்தால் கால் வீங்கத்தான் செய்யும் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். நீங்கள் வந்து இரத்த அழுத்தம் பார்த்தீர்கள், 160/110. இன்னொரு தடவை பார்த்துவிட்டு, எங்களிடம் யோசனை கேட்காமல் 108-ஐக் கூப்பிட்டீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர், அனுப்பி வைப்பதற்கு முன்னால் ஒரு ஊசி போட்டார். பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்வதற்கான ஸ்டீராய்டு ஊசி என்று பிற்பாடுதான் தெரிந்தது. தஞ்சாவூரில் மிச்சத்தையும் போட்டு, இரண்டு நாள் தாங்க வைத்து, அதன் பிறகுதான் ஆபரேஷன் செய்தார்கள். அந்த இரண்டு நாள் எவ்வளவு பெரியது என்று உள்ளே இருந்த ஒவ்வொரு டாக்டரும் எனக்குச் சொல்லிவிட்டார்கள்.

பிறந்தபோது எடை 960 கிராம். கொள்முதல் நிலையத்தில் நெல்லை 40 கிலோ சிப்பமாகவே பார்த்துப் பழகிய கண் இது. கிராம் கணக்கு எனக்குப் பிடிபடவே நாலு நாள் ஆனது. அதற்குள் 870-க்கு இறங்கிவிட்டது. முதலில் எல்லாப் பிள்ளையும் கொஞ்சம் இறங்கும் என்று சொன்னீர்கள். சொன்ன மாதிரியே 16-ஆம் நாள் மறுபடி 960 வந்தது. அன்றைக்கு எதிர் டீக்கடையில் வராந்தா அப்பாக்கள் எல்லோருக்கும் நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார். பிறந்தபோது இருந்த எடை வந்துவிட்டது என்றேன். அவருக்குப் புரிந்தது. எத்தனை அப்பாக்களைப் பார்த்திருப்பார்! அதற்குப் பிறகு என் செல்போன் அவர் கடையில்தான் சார்ஜ் ஏறும், ஒரு நாளும் காசு வாங்கவில்லை.

டாக்டர்களுக்கு ஒரு தனி நன்றி. நீங்கள் யாருமே "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லவில்லை. ஆரம்பத்தில் அது எனக்குக் கோபமாகக்கூட இருந்தது. இன்றைக்கு எடை இவ்வளவு, இன்றைக்குப் பால் இவ்வளவு, இன்றைக்கு ஆக்சிஜன் இவ்வளவு. அவ்வளவுதான் பேச்சு. நாளைக்கு என்றால் "நாளைக்குச் சொல்றோம்". பிற்பாடு அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் நானும் என் மனைவியும் நாளைக் கடத்தினோம்.

முதல் நாள் நுரையீரலுக்குள் ஒரு மருந்து விட்டீர்கள். சர்ஃபாக்டன்ட். அது இல்லாவிட்டால் நுரையீரலின் சின்னச் சின்னக் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளுமாம். மாட்டு நுரையீரலிலிருந்து எடுப்பது என்று பயிற்சி டாக்டர் தம்பி சொன்னார். என் கொட்டகையில் இரண்டு மாடு நிற்கிறது. வீட்டுக்கு வந்ததும் இரண்டுக்கும் ஒரு கட்டு பசும்புல் கூடுதலாகப் போட்டேன். சிரிக்காதீர்கள்.

அப்புறம் அந்தக் கஃபீன். பிள்ளை திடீர் திடீரென்று மூச்சு விட மறந்துவிடும், மானிட்டர் கத்தும், சிஸ்டர் வந்து உள்ளங்காலைச் சுண்டுவார். "மறந்துடுதுங்க, நாம ஞாபகப்படுத்தணும்" என்பார், ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளையைச் சொல்வதுபோல. அந்த மறதிக்கு மருந்து காபியில் இருக்கிற அதே கஃபீன்தான் என்றதும் என் மாமியார், "கும்மோணத்து ரத்தம்ல, அதான் தாய்ப்பாலுக்கு முன்னாடியே காப்பி கேட்டுருக்கு" என்றார். அத்தனை நாளில் என் மனைவி முதன்முதலாகச் சிரித்தது அதற்குத்தான்.

பால். இதைப் பற்றி அவள்தான் எழுதியிருக்க வேண்டும். முதல் மூன்று நாள் அவளுக்குப் பால் சரியாக வரவில்லை. பிள்ளைக்கு வேண்டியது இரண்டு மணிக்கு ஒருமுறை ஒரு மில்லி, அதுவும் குழாய் வழியாக. அந்த ஒரு மில்லியைக்கூடத் தர முடியவில்லையே என்று அழுதாள். தாய்ப்பால் வங்கியிலிருந்து வந்தது. யாரோ ஒரு தாய் பிழிந்து கொடுத்ததை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடுபடுத்தி, குளிரவைத்து எடுத்து வைத்திருந்தார்கள். அந்தத் தாய் யார் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், உங்களுக்கும் எங்களைத் தெரியாது. என் மகள் உங்கள் பாலைக் குடித்தவள். ஐந்தாவது வாரத்திலிருந்து என் மனைவியும் அந்த வங்கிக்குக் கொடுத்தாள்.

இரத்தம் கொடுத்தவருக்கும் இதே நன்றிதான். குறைமாதப் பிள்ளைகளுக்கு இரத்தம் சீக்கிரம் குறையும் என்று நான்காவது வாரம் ஏற்றினார்கள், 18 மில்லி. ஒரு சங்கு நிறைய இருக்குமா? அவ்வளவுதான். மறுநாள் உதடு சிவந்திருந்தது.

கங்காருப் பராமரிப்பு சொல்லிக்கொடுத்த சிஸ்டரம்மா, உங்களை மறக்க முடியாது. வயலில் நாளெல்லாம் சட்டையில்லாமல் நிற்கிறவன் நான். அந்த அறையில் அத்தனை அம்மாக்களுக்கு நடுவில் சட்டைப் பொத்தானைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை. "அப்பா நெஞ்சும் அதே சூடுதான், உக்காருங்க" என்று அதட்டி, திரையை இழுத்துவிட்டு, பிள்ளையை என் நெஞ்சில் தவளை மாதிரி ஒட்டவைத்துத் துணியைச் சுற்றினீர்கள். கொலம்பியாவில் 1978-இல், இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய பழக்கம் இது என்றும் சொன்னீர்கள். இல்லாமையிலிருந்து வந்த வைத்தியம் என்றதும் எனக்கு அது நம்ம ஊர்ச் சமாச்சாரம் மாதிரி ஆகிவிட்டது. ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தேன். மானிட்டரில் மூச்சு ஒருமுறைகூட மறக்கவில்லை.

துப்புரவு வேலை பார்க்கும் அக்காவுக்கு. மூச்சுக்குழாய் தொண்டையில் இருக்கிறவரை பிள்ளை அழுதால் சத்தம் வராது, முகம் மட்டும் கோணும். குழாயை எடுத்த அன்று நாங்கள் வெளியே இருந்தோம். நீங்கள்தான் துடைப்பமும் கையுமாக ஓடி வந்து, "உம் புள்ள அழுவுதுப்பா, பூனைக்குட்டி மாதிரி" என்றீர்கள். என் மகளின் குரலை எங்களுக்கு முன்னால் கேட்டவர் நீங்கள்.

"ஏழு மாசத்துப் புள்ள தங்கும், எட்டு மாசத்துப் புள்ளதான் தங்காது" என்று தைரியம் சொன்ன உறவினர்களே, உங்கள் கணக்கு தப்பு, வயிற்றில் கூட இருக்கிற ஒவ்வொரு வாரமும் லாபம்தான் என்று டாக்டர் சொல்கிறார். ஆனாலும் அன்றைக்கு அது எனக்குத் தேவையாக இருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியிலா விட்டாய் என்று கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே நன்றி இல்லை.

பக்கத்து வயல் அண்ணனுக்கு நன்றி சொன்னால் திட்டுவார். குறுவையை மெஷின் விட்டு அறுத்து, கொள்முதல் நிலையத்தில் மழைக்குப் படுதா போட்டு நாலு இரவு காவல் கிடந்து, பணம் என் கணக்கில் ஏறிய பிறகுதான் எனக்குப் போனே செய்தார்.

1,850 கிராமில் அனுப்பி வைத்தீர்கள். வந்து பதினோரு நாள் ஆகிறது. நீங்கள் சொன்ன மாதிரி சாம்பிராணிப் புகை இல்லை, கூட்டம் இல்லை. ஆரத்திகூட வாசலில் தள்ளி நின்றுதான் எடுத்தார்கள். மாமியார் சோப்போடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், பஞ்சாயத்துத் தலைவரே வந்தாலும் கை கழுவாமல் உள்ளே விடுவதில்லை. இராத்திரியில் மானிட்டர் சத்தம் இல்லாதது எங்களுக்குத்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. அவள் தூங்குகிறாள். நேற்று துணை செவிலியர் தராசில் 2,120.

விழித்திரை இன்னும் முழுதாக வளரவில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை கண் பரிசோதனைக்கு வருவோம். பிள்ளைக்குப் பால் புகட்டுகிற வார்டுப் பாலாடை ஒன்று தவறுதலாக எங்கள் பையில் வந்துவிட்டது. கொதிக்க வைத்து எடுத்து வருகிறேன்.