போட்ட கைக்கு எட்டியது, கழற்றும் கைக்கு எட்டவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாகனப் பக்கத்தில் புதிய லாரி கேபின்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். திரை எவ்வளவு பெரிது, சீட் எத்தனை பக்கம் நகரும், கேமரா எத்தனை என்று எல்லாம் இருந்தது. அந்த டேஷ்போர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எலெக்ட்ரானிக் மாட்யூல் (விளக்கு, வைப்பர் போன்றவற்றை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி) ஒன்று மக்கர் செய்தால் அதை வெளியே எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று மட்டும் ஒரு வரி இல்லை. லாரி வயரிங் வேலையிலேயே காலம் தள்ளுகிறவன் நான், எனக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான்.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பலருக்குத் தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன். முதுகு கேபின் தரையில், தலை பிரேக் பெடலுக்குப் பக்கத்தில், கால் இரண்டும் சீட் மேல். ஒரு கையில் ராட்செட், இன்னொரு கை கண்ணுக்குத் தெரியாத ஒரு 10 எம்எம் போல்ட்டைத் தடவித் தேடிக்கொண்டிருக்கும். நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சம் வேண்டிய இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் விழும். கடைசியில் செல்போனை வீடியோவில் போட்டு உள்ளே நுழைத்து, வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, சரி அங்கேதான் இருக்கிறது என்று மறுபடி கையை விட வேண்டும். கழற்றிய போல்ட் கை நழுவி ஹீட்டர் டக்டுக்குள் விழுந்தால் அன்றைய நாள் அதோடு போச்சு. திரும்ப மாட்டும்போது சாக்கெட்டுக்குள் ஒரு துண்டு காகிதத்தைத் திணித்து போல்ட்டை இறுக்கிப் பிடிக்க வைப்பேன், அதைக்கூட இரண்டு போல்ட்டைத் தொலைத்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

ஒருமுறை ஒரு லாரி வந்தது. இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் லேசாக அசையும், ஹெட்லைட் போட்டால் மீட்டர் போர்டில் நாலு எச்சரிக்கை விளக்கு ஒன்றாக எரியும். மாட்யூல் போய்விட்டது என்று ஏற்கெனவே யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள், நானும் யோசிக்காமல் அதை நம்பினேன். மீட்டர் போர்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பேனல், ஏசி குழாய் ஒன்று எல்லாவற்றையும் கழற்றி, அரை நாள் போராடி அந்தப் பெட்டியை வெளியே எடுத்துப் பார்த்தால் அது புதுசு மாதிரி பளபளவென்று இருக்கிறது. ஒரு பின் கூடக் கறுக்கவில்லை. கோளாறு எங்கே என்றால், கதவுத் தூணுக்குக் கீழே கால் மிதிக்கிற இடத்தில், பெயின்டுக்கு அடியில் துருப்பிடித்திருந்த எர்த் போல்ட்டில், அதாவது நெகட்டிவ் வயரை வண்டியின் பாடியோடு இணைக்கும் போல்ட்டில். சுரண்டி, துடைத்து, இறுக்கினேன், வண்டி சரியாகிவிட்டது. கழற்றியதையெல்லாம் மாட்ட இன்னொரு அரை நாள். அதற்கு எப்படிக் கூலி கேட்பது, சொல்லுங்கள்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். டேஷ்போர்டில் ஸ்க்ரூ டிரைவரை வைப்பதற்கு முன்னால் மல்டிமீட்டரை எடுத்துவிடுவேன். விளக்கு, புளோயர், வைப்பர் எல்லாவற்றையும் ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை மாட்யூலுக்குப் போகும் எர்த்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். 0.1, 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி, அரை வோல்ட்டைத் தாண்டினால் மாட்யூல் மேல் பழி போடாமல் எர்த்தைத் தேடிப் போகலாம். அப்புறம் கேன் லைன். 1986-ல் பாஷ் நிறுவனம் வெளியுலகுக்குக் காட்டிய முறை அது, முறுக்கிய இரண்டே வயரில் வண்டியின் மாட்யூல்கள் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அந்த லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும். பேட்டரியைத் துண்டித்துவிட்டு, கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டுகிற சாக்கெட் ஒன்பது பின் வட்ட சாக்கெட் என்றால் அதன் சி, டி பின்களுக்கு இடையே அளந்தால் 60 ஓம் அளவில் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் இரண்டு வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நடுவில் கேட்வே (லைனைப் பகுதிகளாகப் பிரிக்கும் பெட்டி) வைத்த வண்டிகளில் இந்தச் சோதனை முழு லைனையும் காட்டாது, அது வேறு கதை. ஆனாலும் ஒரு பேனலைக்கூடக் கழற்றாமல் ஐந்து நிமிடத்தில் இவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்றால் அரை நாள் தரையில் படுக்க வேண்டிய அவசியம் என்ன?

சரி, மாட்யூல்தான் குற்றவாளி என்று உறுதியாகிவிட்டது, கழற்றித்தான் ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவசரக்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பழைய மாட்யூல் ஸ்கேனரோடு கொஞ்சமாவது பேசுகிறது என்றால், கழற்றுவதற்கு முன்பே அதில் உள்ள செட்டிங்கைப் படித்துச் சேமித்துவிட வேண்டும். டயர் அளவு, வேக வரம்பு, எந்தெந்த வசதி இருக்கிறது இல்லை என்பதெல்லாம் வண்டிக்கு வண்டி வேறு, அவற்றில் பலதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும். புதுப் பெட்டியை வாங்கி மாட்டிவிட்டு ஸ்டார்ட் ஆகவில்லையே, ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுகிறதே என்று விழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கோடிங் செய்யாத, அதாவது அந்த வண்டியின் செட்டிங்கை ஏற்றாத பெட்டி வண்டிக்கு அந்நியன், திருட்டைத் தடுக்க வைத்திருக்கும் இம்மொபிலைசர் அதை உள்ளேயே விடாது.

பேட்டரி விஷயத்திலும் இப்படித்தான். சாவியை அணைத்த கையோடு டெர்மினலைப் பிடுங்கக் கூடாது. மாட்யூல்கள் தங்கள் கணக்கை எழுதி முடித்துத் தூங்கப்போகக் கொஞ்ச நேரம் எடுக்கும். புகையைச் சுத்தம் செய்யும் யூரியா திரவத்துக்கென டாங்க் உள்ள பல வண்டிகளில் இன்ஜின் நின்ற பிறகும் பம்ப் குழாயில் மிச்சமிருக்கும் திரவத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டிருக்கும், அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. பாடி முழுக்க நெகட்டிவ் என்பதால் பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பானர் பாடியில் பட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார், அதுவும் இரண்டு பேட்டரியைத் தொடராகக் கட்டிய 24 வோல்ட் வண்டியில். ஏர்பேக் இருந்தால் பேட்டரியைத் துண்டித்த பிறகும் மேனுவலில் சொன்ன அளவு நேரம் பொறுக்க வேண்டும், அதன் மாட்யூலுக்குள் கெப்பாசிட்டர் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். ஏர்பேக் வயரின் மஞ்சள் கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளக்) கண்டால் டெஸ்ட் லாம்ப்பை அதன் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

கப்ளரைப் பற்றி ஒரு வார்த்தை. வயரைக் கொத்தாகப் பிடித்து இழுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரிய கப்ளர்களில் ஒரு சின்ன பூட்டும் அதற்கு மேல் ஒரு லிவரும் இருக்கும், பூட்டை விடுவித்து லிவரை முழுசாகத் திருப்பினால் கப்ளர் தானாகவே எழும்பி வரும். கையே போகாத இடத்தில் லிவரை எங்கே திருப்புவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, நான் எழுத வந்ததே அதைப் பற்றித்தான்.

ஏன் இப்படி வைக்கிறார்கள்? தொழிற்சாலையில் டேஷ்போர்டைப் பெரும்பாலும் கேபினுக்கு வெளியே தனியாக வைத்து, குறுக்கு பீம், வயரிங், ஹீட்டர், மாட்யூல் எல்லாவற்றையும் அதிலேயே மாட்டி, ஒரே பொருளாகத் தூக்கி உள்ளே வைத்து போல்ட் போடுகிறார்கள். அங்கே மாட்யூலை மாட்டுகிறவர் நின்றபடி, நல்ல வெளிச்சத்தில், இரண்டு கையாலும் மாட்டுகிறார், அவருக்கு அது ஒரு நிமிட வேலை. பிறகு முன்னால் கண்ணாடி வந்துவிடுகிறது, பின்னால் பேனல் மூடிவிடுகிறது, அதே பெட்டியை எடுக்க வருகிறவனுக்கு மிஞ்சுவது பெடலுக்கு மேலே ஒரு கை அகல ஓட்டை.

முடியாது என்று சொல்லவும் வழியில்லை. ஃபியூஸ், ரிலே, மாட்யூல் எல்லாவற்றையும் பக்கத்து சீட்டுக்கு எதிரே ஒரு மூடிக்குக் கீழே அடுக்கி வைத்த லாரிகளிலும் வேலை செய்திருக்கிறேன். நாலு ஸ்க்ரூவைத் திருகி மூடியைத் தூக்கினால் எல்லாம் கண் முன்னால் இருக்கும். அவற்றில் கப்ளரை உடைத்ததாக எனக்கு நினைவில்லை. அதோடு, கப்ளர் கீழ்ப் பக்கம் பார்த்திருந்தால், வயரைச் சற்றுத் தாழ விட்டுக் கொண்டுவந்திருந்தால், கண்ணாடி ரப்பரில் கசிகிற தண்ணீர் வயர் வழியாக ஓடி மாட்யூலுக்குள் இறங்காமல் வழியிலேயே சொட்டிவிடும். பின்னெல்லாம் பச்சை பூத்துப்போய் வருகிற பெட்டிகளைப் பார்க்கும்போது, இதை வரைந்தவர் ஒரே ஒரு நாள் என் பக்கத்தில் தரையில் படுத்திருந்தால் தேவலையே என்று தோன்றும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த லாரியைப் பற்றி எழுதும்போது உங்கள் நிருபர் திரையைத் தொட்டுப் பார்த்து முடித்த பிறகு, கிளவ் பாக்ஸைக் கழற்றச் சொல்லி உள்ளே கையை விட்டுப் பார்க்கட்டும். முழங்கை வரை போகிறதா, மணிக்கட்டிலேயே நின்றுவிடுகிறதா என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
லாரி எலக்ட்ரீஷியன் ஒருவர்