செவிலியர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மே 12 செவிலியர் தின விழா வழக்கம்போல் நடந்தது. கை கழுவும் முறை பற்றிய செயல்விளக்கமும் நடந்தது.

அப்புறம், படுக்கைப்புண் தணிக்கை. "இதெல்லாம் சங்கத்துக்கு எதற்கு?" என்று சிலர் கேட்டதால் விரிவாகவே சொல்கிறேன். இதுவரை தரக் கட்டுப்பாடு என்ற பெயரில் மாதக் கடைசியில் சார்ட்டை எடுத்து, டிக் இருக்கிறதா என்று பார்த்து வந்தோம். டிக் எப்போதும் இருக்கும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்ததாக, ராத்திரி முழுவதற்கும் ஒரே மையில், ஒரே சாய்வில் இருக்கும். ஒரு வார்டில் 4 மணி ஆவதற்குள் 6 மணிக் கட்டமும் நிரம்பியிருந்தது. அந்த சிஸ்டரை நான் குறை சொல்ல மாட்டேன். எழ முடியாத நோயாளியைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். அன்று அங்கே இருந்தது அவர் ஒருவர்தான்.

அதனால் சார்ட்டை மூடிவிட்டுக் கட்டிலருகே போனோம். போர்வையை விலக்கிக் குதிகாலையும் வாலெலும்புப் பக்கத்தையும் பார்த்தோம். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை என்றால், தோல் கிழியாவிட்டாலும் அது முதல் நிலைப் புண். கறுத்த தோலில் சிவப்பு எடுபடாது. சூடும் கெட்டித்தன்மையும் தொட்டால்தான் தெரியும். படுக்கைப்புண் வரும் வாய்ப்பை மதிப்பெண்ணால் அளக்கும் பிராடன் அளவுகோலில் 18-ம் அதற்குக் கீழும் வந்தால் ஆபத்து என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் மொத்த எண்ணை எழுதியதோடு வேலை முடிவதில்லை. ஈரம் என்ற பிரிவில் மதிப்பெண் குறைந்தவருக்கு, அதாவது உடல் நனைந்தே இருப்பவருக்கு, துணி மாற்ற வேண்டும்; ஊட்டப் பிரிவில் குறைந்தவருக்குச் சாப்பாட்டைக் கவனிக்க வேண்டும்.

தணிக்கையில் தெரியவந்ததைப் பேசக் கூட்டம் போட்டால், வருவது அதே சில முகங்கள். நைட் டியூட்டி முடித்துத் தூங்காமல் வந்தவர்கள் இருந்தார்கள். லீவில் இருந்தவர்களைக் காணோம். மெமோ வரும் என்று பயந்ததாகக் கேள்விப்பட்டேன். தணிக்கைப் படிவத்தில் பணியாளர் பெயர் எழுத இடமே கிடையாது. ஒருமுறை வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். வரவுக்குள் செலவு அடங்கியது, அவ்வளவே. சந்தா பாக்கி பலரிடம் நிற்கிறது. படிவ நகல்களுக்குச் சிலர் கைக்காசு போட்டார்கள்.

அனுமதி தந்த கண்காணிப்பாளருக்கும், ஒத்துழைத்த வார்டு இன்சார்ஜ்களுக்கும், நோயாளிகளின் உறவினர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ஊசிக்குழாய் போட்ட இடத்தில் வரும் வீக்கத்தையும், நோயாளிகள் கீழே விழுவதையும் பார்க்க எண்ணம். ஒரு வார்டுக்கு இரண்டு பேராவது இல்லாமல் அதைத் தொடங்குவது சரியில்லை. பெயர் எழுதும் தாள் சங்க அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

— செயலாளர்