சர்ச் கேட்டை சாயங்காலம் கொஞ்சம் தொறந்து விடுங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன வாரம் கடிதம் பகுதியில ஒரு பெரியவர் எழுதியிருந்தாரு, சபை வாலிபப் பசங்க எல்லாம் பூட்ஸ மாட்டிக்கிட்டு கிரவுண்டே கதின்னு கெடக்குறாங்க, "சரீர முயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது"ன்னு பைபிள்ல அப்போஸ்தலன் பவுலே சொல்லிட்டாரே அப்புறம் என்ன விளையாட்டுன்னு. அவர் மேல மரியாதை உண்டு, ஆனா அந்த வசனத்த பாதியில நிறுத்துறதே நம்ம ஆளுங்களுக்கு பழக்கமாப் போச்சு. தேவபக்தி அதவிடப் பெருசுன்னு தான் பவுல் சொல்ல வர்றாரு, ஓடாத குதிக்காதன்னு இல்ல. அதே பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது பந்தயத்துல ஓடுறவனையும் குத்துச்சண்டை போடுறவனையும் தான் காட்டுறாரு, ஏன்னா அந்த ஊர் பக்கத்துல ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பெரிய விளையாட்டுப் போட்டி நடக்கும், கேக்குறவங்களுக்கு டக்குனு புரியும். எங்க வியாசர்பாடிக்கு எழுதியிருந்தா ஃபுட்பாலத் தான் எழுதியிருப்பாரு.

இங்க சாயங்காலம் கிரவுண்டு பக்கம் வந்து அரை மணி நேரம் நின்னு பாருங்க சார். ரெண்டு தெரு பசங்களுக்குள்ள எப்பவும் ஒரு உரசல் இருக்கும், அது உங்களுக்கும் தெரிஞ்சது தான். கோச் டீம் பிரிக்கும்போது வேணும்னே கலந்து விடுவாரு. அன்னிக்கு ஒருத்தன் கோல் பக்கத்துல ஃப்ரீயா நின்னுக்கிட்டு கைய தூக்கி கத்துறான், பால் வச்சிருந்தவன் அவன் வேற தெருன்னு பாஸே குடுக்கல, தானே அடிச்சு வெளிய போச்சு. கோச் திட்டல, ஒண்ணும் சொல்லல. ஆட்டம் முடிஞ்சதும் அந்த ரெண்டு பேரையும் கூப்பிட்டு பைப் கோல்போஸ்ட்ட ஷெட்டுக்கு தூக்கிட்டுப் போங்கடான்னாரு. அது ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சா தான் நவுரும், ஒருத்தன் வேகமா போனா இன்னொருத்தன் கால்ல இடிக்கும். முறைச்சிக்கிட்டே போனானுங்க, திரும்பி வரும்போது ஏதோ பேசி சிரிச்சிக்கிட்டு வந்தானுங்க. பிறனை நேசின்னு சண்டே கிளாஸ்ல வருஷக்கணக்கா மனப்பாடம் பண்ண வைக்கிறோம், பண்ணிப் பாக்க இடம் இந்த மாதிரி கிரவுண்டுல தான இருக்கு.

இன்னொண்ணு, விளையாட்டு சபைக்கு வெளியில இருந்து வந்த சங்கதி மாதிரி பேசுறாங்களே, அதான் புரியல. பாஸ்கெட்பால் 1891ல அமெரிக்காவுல ஒய்எம்சிஏ, அதாவது கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தோட பயிற்சிப் பள்ளியில ஜேம்ஸ் நெய்ஸ்மித் உண்டாக்கினது, வாலிபால் 1895ல அதே ஒய்எம்சிஏ ஆள் ஒருத்தர் உண்டாக்கினது. 1920ல நம்ம மெட்ராஸ்ல ஹாரி குரோ பக் ஆரம்பிச்ச ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி இன்னிக்கும் நந்தனத்துல நடக்குது. கத்தோலிக்கப் பக்கம் டான் போஸ்கோ சாமியாரை எடுத்துக்குங்க, அவருக்கு விளையாட்டு மைதானம் இல்லாம பசங்க ஊழியமே கெடையாது.

ஞாயித்துக்கிழமை விளையாடாத ஓட்டக்காரர் எரிக் லிடெல் கதைய எல்லா கன்வென்ஷன்லயும் சொல்லுவாங்க. 1924 பாரிஸ் ஒலிம்பிக்ல 100 மீட்டர் ஹீட்ஸ் ஞாயித்துக்கிழமைன்னு விட்டுட்டாரு, 400 மீட்டர்ல தங்கம் அடிச்சாரு. அதோட கதைய முடிச்சிடுவாங்க. பின்னால சீனாவுக்கு மிஷனரியா போயி, யுத்தத்துல ஜப்பான்காரங்க கேம்ப்ல அடைபட்டு கெடந்தப்ப, அங்க இருந்த பிள்ளைங்க ஞாயித்துக்கிழமை ஹாக்கி ஆடி ரெஃப்ரீ இல்லாம அடிச்சிக்கிட்டாங்க, அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமையிலயும் அவரே போயி ரெஃப்ரீயா நின்னாரு. தனக்கு வந்த மெடலுக்கு விடாத ஞாயித்துக்கிழமைய பிள்ளைங்களுக்காக விட்டாரு. 1945ல அந்த கேம்ப்லயே இறந்தும் போயிட்டாரு. இந்த பாதிய ஏன் யாரும் பிரசங்கம் பண்றதில்லன்னு தெரியல.

அதுக்காக ஆராதனைய விட்டுட்டு மேட்சுக்கு போங்கன்னு சொல்லல. டோர்னமெண்ட் நடத்துறவங்க ஞாயித்துக்கிழமை மேட்ச பத்து பத்தரைக்கு மேல வச்சா பாதி பிரச்சனை தீந்துடும், விடிகாலை ஆராதனைக்கு வந்துட்டே பசங்க போவாங்க. அப்புறம் ஜெபம் பண்ணிட்டு எறங்குற பையனோட அப்பா, தோத்ததும் ரெஃப்ரீ சட்டைய புடிக்கிறதையும் கொஞ்சம் நிறுத்தணும்.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. எங்க ஏரியாவுல ஒரு சர்ச், பேர் வேணாம், நல்ல பெரிய காம்பவுண்டு, முன்னாடி பசங்க ஆடுன இடம் தான், இப்ப கார் பார்க்கிங்னு சொல்லி பூட்டு போட்டாச்சு. கார் வர்றது ஞாயித்துக்கிழமை, மிஞ்சிப் போனா ஒரு கல்யாணம். மத்த நாள் எல்லாம் காலியா கெடக்கு, பசங்க கண்டெய்னர் லாரி போற ரோட்டோரமா ஆடிக்கிட்டு இருக்கான். சாயங்காலம் அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் தொறந்து விடட்டும், எந்த சபை எந்த மதம்னு கேக்காம விடட்டும். பொண்ணுங்களுக்கு தனியா ரெண்டு நாள், ஹால்ல ஒரு கேரம் போர்டு. 2024ல கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் அடிச்ச காசிமா இதே வட சென்னை ஆட்டோக்காரர் பொண்ணு தான். கமிட்டிக்காரங்க கண்ணாடி உடையும்னு பயந்தா வலை கட்டலாம், வலைக்கு துட்டு நாங்களே வசூல் பண்ணித் தர்றோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வியாசர்பாடி, சென்னை