செயலாளர் அறிக்கை, 2024–25

சித்த மருத்துவ வட்டம், மயூர் விஹார், டெல்லி

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராதவர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. டெங்குக் காலத்தில் நிலவேம்புக் குடிநீர் வழங்கினோம். செயற்குழு கூடாத மாதங்களுக்குப் புகைமூட்டமே காரணம்.

இனி, நான் பொறுப்பேற்று நடத்திய காப்பீட்டு உதவிப் பணி. ‘சித்த மருத்துவ வட்டத்துக்கு இது எதற்கு?’ என்று சிலர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. பதில் ஏட்டில் பதிவாகட்டும்.

2024 ஏப்ரல் 1 முதல் ஆயுஷ் சிகிச்சையை, அதாவது சித்தம், ஆயுர்வேதம் முதலிய நம் மருத்துவ முறைகளை, மற்ற சிகிச்சைகளுக்கு நிகராக நடத்தவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. இனிப்பு வழங்கலாம் என்றார்கள். விதியைப் படியுங்கள் என்றேன். ஆயுஷ் மருத்துவமனை என்றால் குறைந்தது 5 உள்நோயாளிப் படுக்கைகள் வேண்டும். எந்நேரமும் மருத்துவர் இருக்கவேண்டும். இரண்டு அறைகளில் தொக்கணமும் (உடலைத் தேய்த்துப் பிடித்துவிடுதல்) ஒற்றடமும் செய்யும் வைத்தியரிடம் போகிறவருக்கு இதனால் என்ன பயன்? நிராகரிக்கப்பட்ட மனுக்களுக்கு முறையீடு எழுதிக் கொடுத்தேன். ஒருவருக்குப் பணம் வந்தது. அவருடைய சந்தா இன்னும் வரவில்லை.

பிப்ரவரியில் சீனாவைப் பற்றி நான் ஆற்றிய உரைக்கு வந்தவர்களைவிட நாற்காலிகள் அதிகம். வராதவர்களுக்காகச் சுருக்கம்: அங்கே 2019இல் 30 நகரங்களில் டி.ஆர்.ஜி. முறையைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒத்த நோய்களை ஒரே தொகுதியாக்கி, எத்தனை நாள் படுத்தாலும் தொகுதிக்கு இவ்வளவுதான் என்று மருத்துவமனைக்குக் கட்டணம். வீண் பரிசோதனைகள் குறையும், உண்மைதான். ஆனால் பாரம்பரிய மருத்துவமனையில் செலவாவது நாளும் கைவேலையும். எலும்பு முறிவைக் கத்தியின்றிக் கையாலேயே சேர்த்துக் கட்டினால் அறுவைக்குரிய தொகையில் சிறு பங்குதான் வரும்; குணமாக்கியும் நட்டம். பிறகு எந்த நிர்வாகம் கட்டுப்போடுபவரை வேலைக்கு வைத்துக்கொள்ளும்? 2021 டிசம்பரில் அரசே இறங்கிவந்து, பாரம்பரிய மருத்துவ நிறுவனங்கள் தற்காலிகமாக அந்த முறைக்கு வெளியே இருக்கலாம் என்றது.

நமக்கும் இது தூரத்துச் செய்தி இல்லை. 2025 ஏப்ரலில் டெல்லி சேர்ந்த ஆயுஷ்மான் பாரத் என்னும் மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் சிகிச்சைக்கு இவ்வளவு என்று வகுத்துத்தான் கொடுக்கிறது. சித்த மருத்துவத்தை அதில் முழுமையாகச் சேர்க்கும் நாளில், மூன்று வாரம் மருந்தை அரைத்துப் பூசும் பற்றுக்கும், உடலின் வர்மப் புள்ளிகளைத் தொட்டுச் செய்யும் வர்மச் சிகிச்சைக்கும் யார் விலை வைப்பது? நம் தரப்பை இப்போதே எழுதி அனுப்பவேண்டும். வரைவு என்னிடம் இருக்கிறது. கையெழுத்துகள்தான் இல்லை.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமம், விவரம் பொருளாளரிடம். சந்தா பாக்கி கணிசமானது. பெயர்களைப் படிக்கவேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. அரங்கம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும் தேநீர் வழங்கியவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இப்பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்றால் மகிழ்வேன். எவரும் முன்வராவிட்டால் தொடர்வதில் எனக்குத் தடையில்லை. ஆனால் தட்டச்சுக் கூலியையும் தபால் செலவையும் மறுபடி என் ஓய்வூதியத்திலிருந்து கொடுக்க இயலாது. 70 வயது நிறைந்தவர்களுக்கான ஆயுஷ்மான் அட்டைக்கு விண்ணப்பிக்க உதவி வேண்டுவோர் ஆதார் அட்டையுடன் வாருங்கள். வாசலருகே மேசையில் நான் இருப்பேன்; ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கும்.

— செயலாளர்