மழைக் கடற்கரைக்கு எந்த வண்டி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூசிலாந்தின் மேற்குக் கடற்கரையில் கேம்பர்வேன் (படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டி) பயணம் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், டிசம்பர், ஜனவரியில் போனால் மழைக்குத் தப்பிவிடலாம் என்றிருந்தது. தப்ப முடியாது. அந்தக் கடற்கரை ஊரான ஹோகிட்டிகாவில் ஆண்டுக்குச் சுமார் 2,900 மி.மீ. மழை, டிசம்பர் உட்பட எந்த மாதமும் அதற்கு விலக்கல்ல. டாஸ்மன் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று தெற்கு ஆல்ப்ஸ் மலையில் மோதி, இந்தப் பக்கமே கொட்டித் தீர்க்கிறது. மலைக்கு அப்பால் அலெக்சாண்ட்ராவில் 400 மி.மீ. கூடத் தேறாது. ஆகவே மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையை வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் காட்டலாம்.

பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் வெளியே பெய்யும் மழை அல்ல, உள்ளே சேரும் ஈரம். இருவர் உறங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் ஓர் இரவில் அரை லிட்டர் நீராவது வெளியாகும். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் நீராவி உண்டாகும். அதனால்தான் குளிருக்காக அடுப்பைப் பற்றவைப்பது இரட்டைத் தவறு: வண்டி நனையும், கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும். எரிகாற்றை வெளியிலிருந்து இழுத்துப் புகையையும் வெளியே தள்ளும் டீசல் ஹீட்டர் உள்ள வண்டியாகக் கேட்டு வாடகைக்கு எடுங்கள். அதோடு, வேலை செய்யும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்கட்டும்.

ஹீட்டர் மட்டும் போதாது. காற்று வந்து அடிக்காத பக்கத்து ஜன்னலை இரண்டு விரல்கடை திறந்து, கூரைத் துவாரத்தையும் சற்றே தூக்கிவிட வேண்டும். ஒன்றை மட்டும் திறந்தால் காற்று ஓடாது. ஆனால் அங்கே சாண்ட்ஃபிளை என்ற கடிக்கும் குட்டி ஈக்கள் மொய்க்கும். வண்டியைக் கையில் வாங்கும்போதே எல்லா வலைகளையும் இழுத்து மூடிப் பாருங்கள். வலை கிழிந்திருந்தால் ஜன்னலைத் திறக்க மனம் வராது, மூன்றாம் நாள் மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடித்துவிடும். காலையில் முதல் வேலையாகக் கண்ணாடிகளைத் துடைத்து, மெத்தையைத் தூக்கி நிறுத்துங்கள். நனைந்த சட்டைகளைப் படுக்கைக்கு மேலே தொங்கவிடாதீர்கள்.

நிறுத்துமிடத்திலும் கவனம் வேண்டும். ஒரே இரவு மழையில் புல்தரை சேறாகிவிடும்; எஞ்சின் இழுக்கும் சக்கரங்கள் சரளையில் நிற்கட்டும், வெளியேறும் வழி இறக்கமாக இருக்கட்டும். பலத்த காற்றென்றால் வண்டியின் முகம் காற்றை நோக்கி நிற்பது நல்லது. கதவைப் பிடித்துக்கொண்டே திறங்கள். பக்கவாட்டுப் பந்தலை விரித்தால் அதைத் தாங்கும் கால்களில் ஒன்றைத் தாழ்த்தி வையுங்கள். இல்லாவிட்டால் நடுவில் நீர் தேங்கி, பந்தலின் கைகள் வளைந்துவிடும். வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில் பந்தலும் கூரையும் அடிப்பாகமும் காப்பீட்டுக்குள் வராது. கையெழுத்திடும் முன் அந்தப் பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

கட்டுரையில் ‘எங்கு வேண்டுமானாலும் தங்கலாம்’ என்றிருந்ததும் சரியல்ல. 2023இல் வந்த சட்டத்தின்படி, வண்டியோடு நிலையாகப் பொருத்திய கழிப்பறை இருந்தால்தான், முகாம்களுக்கு வெளியே வண்டியில் தங்கக் கேட்கப்படும் தன்னிறைவுச் சான்று கிடைக்கும். படுக்கையை விரித்த நிலையிலும் அதைப் பயன்படுத்த முடிய வேண்டும். பச்சை நிறச் சான்று கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சான்று இருந்தாலும், உள்ளூராட்சி தடைசெய்த இடங்களில் தங்க முடியாது. அபராதம் வாடகைக்கு எடுத்தவர் தலையில்தான் விழும்.

பம்ப்பில் டீசல் மலிவாகத் தெரியும். சாலைக் கட்டணம் அதில் சேர்வதில்லை, கிலோமீட்டர் கணக்கில் தனியாக வசூலிப்பார்கள். ஃபாக்ஸ் கிளேசியர் என்ற ஊரிலிருந்து ஹாஸ்ட் என்ற ஊர் சுமார் 120 கி.மீ.; கிளம்புமுன் டேங்கை நிரப்பிவிடுங்கள். ஒருவழிப் பாலங்களில் சிவப்பு வட்டப் பலகை கண்டால் நீங்கள் வழிவிட வேண்டும், நீலச் செவ்வகப் பலகை என்றால் முன்னுரிமை உங்களுக்கு.

கடைசியாக, நாள் கணக்கு. ஹோகிட்டிகாவுக்குத் தெற்கே கடற்கரையோரமாகப் போக நெடுஞ்சாலை 6 ஒன்றுதான் வழி. 2019 மார்ச்சில் வெள்ளம் ஃப்ரான்ஸ் ஜோசஃப் அருகே வைஹோ ஆற்றுப் பாலத்தை அடித்துச் சென்றபோது, ஆற்றின் இரு கரைக்கும் இடையே போக வேண்டியவர்கள் மலையைத் தாண்டிப் பல நூறு கிலோமீட்டர் சுற்ற நேர்ந்தது. எனவே வண்டியைத் திருப்பித் தரும் நாளுக்கு முன் ஒரு நாளையாவது காலியாக வையுங்கள். ஒவ்வொரு காலையும் சாலைத் துறையின் இணையதளத்தில் வழி திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே சாவியைத் திருகுங்கள்.

இப்படிக்கு,
கேம்பர்வேன் பராமரிப்புத் தொழிலில் உள்ள வாசகர்